தீபாவளிப் பனங்கட்டிப் புடிங்: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

தீபாவளிக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு என் தொலைபேசி அடித்தால், அது அநேகமாகப் புடிங் பற்றிய அழைப்பாகவே இருக்கும். "மாமி, மேல் அடுக்கு இன்னும் தண்ணீராகவே நிற்கிறது." "அக்கா, தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது, வெளியே ஊற்றிவிடவா?" ஊற்றிவிட வேண்டாம். இந்தப் புடிங்கில் வருகிற பிழைகளில் பெரும்பாலானவை அந்த இரவிலேயே திருத்தக்கூடியவை. என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தால் போதும்.

முதலில் என் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தட்டம் ஒன்று. அடியில் பாலில் தோய்த்த மாரி பிஸ்கட், அதன்மேல் கஸ்டர்ட், மறுபடி பிஸ்கட், எல்லாவற்றுக்கும் மேலே பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த உறைந்த அடுக்கு. பிஸ்கட் 300 கிராம். கஸ்டர்ட்டுக்குப் பால் 750 மில்லிலீற்றர், கஸ்டர்ட் மா மட்டமாக 6 மேசைக்கரண்டி, சீனி 90 கிராம். மேலடுக்குக்குப் பனங்கட்டி 200 கிராம், தண்ணீர் 300 மில்லிலீற்றர், தேங்காய் முதற்பால் 300 மில்லிலீற்றர், அகர் அகர் தூள் 6 கிராம். இழையாகக் கிடைத்தால் 8 கிராம். ஏலக்காய்த் தூளும் ஒரு சிட்டிகை வேர்க்கொம்புத் தூளும். தூவுவதற்கு வறுத்த கஜு.

முட்டையும் ஜெலற்றினும் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேதாரகௌரி விரதத்தின் 21 நாளும் ஐப்பசி அமாவாசையோடு முடிகின்றன. அது முடிந்த கையோடு கந்தசஷ்டி தொடங்குகிறது. எங்கள் ஒழுங்கையில் அந்த நாட்களில் மரக்கறி மட்டுமே உண்பவர்கள் பலர். ஜெலற்றின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது; கடையில் விற்கும் ஜெலிப் பைக்கற்றுகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது. கஸ்டர்ட் மாவும் முட்டையில்லாமற் செய்யப் பிறந்ததுதான். 1837 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் அல்பிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவைக் கொண்டு அதை உருவாக்கினார். யாருக்கும் தயக்கமில்லாமல் ஒரு துண்டைக் கையில் கொடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய விடயம். அதனால் இந்த இரண்டு பொருட்களின் குணத்தையும் அறிந்துகொள்வது நல்லது.

மேல் அடுக்கு உறையவேயில்லை

நேரத்தைப் பாருங்கள். அகர் அகர் பிரிட்ஜுக்காகக் காத்திருக்கிற பொருள் அல்ல. 35 முதல் 40 பாகை செல்சியசுக்குள் இறங்கியதும் உறையத் தொடங்கும். ஐப்பசி மழையில் எங்கள் குசினி அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஒரு மணி நேரம் மேசையில் இருந்த பிறகும் தட்டத்தை அசைத்தால் அலை அடிக்கிறது என்றால், விடியும்வரை பிரிட்ஜில் வைத்தாலும் அது உறையப்போவதில்லை.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அகர் அகர் கொதிக்கவில்லை. நீர் சூடானதும் தூள் கண்ணுக்கு மறைந்துவிடும். கரைந்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுகிறோம். அது வெறுமனே பரவியிருக்கிறது, கரையவில்லை. கொதி வந்த பிறகு தூளுக்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். இழை என்றால் அரை மணி நேரம் ஊறவைத்த பின் ஏழெட்டு நிமிடம். அகப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிச் சில்லுப் போல எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது.

ஏன் கொதிக்கவிடாமல் இறக்குகிறோம்? தேங்காய்ப்பால் அதே சட்டியில் இருப்பதால். முதற்பால் கொதித்தால் திரியும் என்று அம்மாவிடம் கற்றதை மறக்க முடியுமா? அகர் அகருக்குக் கொதி வேண்டும், முதற்பாலுக்குக் கொதி கூடாது. ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் இரண்டையும் சரிக்கட்ட முடியாது. ஆகவே வரிசை இதுதான்: 200 மில்லிலீற்றர் தண்ணீரில் அகர் அகரை மட்டும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். மிச்சம் 100 மில்லிலீற்றரில் பனங்கட்டியைத் தனியே கரைத்து, வடித்து, சூடாகச் சேருங்கள். அடுப்பை அணையுங்கள். அதன் பிறகுதான் இளஞ்சூடான தேங்காய்ப்பால்.

இரண்டாவது காரணம் புளிப்பு. தேசிக்காய்ச் சாறு, அன்னாசி, தோடம்பழம் எதுவானாலும் அகர் அகரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அதன் உறையும் வலிமை குறையும். புளிப்பு வேண்டுமானால் இறக்கிய பிறகு சேருங்கள். ஜெலற்றினில் செய்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் உள்ள நொதியங்கள் புரதத்தை வெட்டுபவை. ஜெலற்றின் புரதம் என்பதால் அது உறையவே விடாது. பழத்தைச் சற்று வேகவைத்தால் அந்த நொதியம் செயலிழந்துவிடும். அகர் அகர் புரதம் அல்ல, ஆகவே அதற்கு இந்தப் பயம் இல்லை. எங்கள் வெப்பத்தில் ஜெலற்றின் அடுக்கு மதியத்துக்குள் நெகிழத் தொடங்கிவிடும். அகர் அகர் மறுபடி உருக 85 பாகையளவு வேண்டும்.

திருத்துவது எப்படி? அடியிலுள்ள அடுக்கைக் கலக்காமல் மேலுள்ள நீரைச் சிறு அகப்பையால் அள்ளி எடுங்கள். அதைத் தனிச் சட்டியில், கொதிக்கவிடாமல், ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். வேறொரு சட்டியில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 2 கிராம் அகர் அகரை மூன்று நிமிடம் கொதிக்கவைத்து இதில் சேருங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு தேக்கரண்டியை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் தட்டைச் சரித்தாலும் ஓடாமல் நின்றால் சரி. இந்தத் தட்டுச் சோதனையை நான் பிழை வந்தபோது மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் செய்கிறேன். ஒரு பைக்கற்றின் வலிமை இன்னொன்றுக்கு இருப்பதில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: ரப்பர் போல இறுகி, பல்லுக்குக் கடினமாக இருக்கும். அகர் அகர் கூடிவிட்டது. அடுத்த முறை ஒரு கிராம் குறையுங்கள். இந்தமுறை அதைச் சிறு சதுரங்களாக வெட்டிக் கஸ்டர்ட்டின் மேல் பரப்பிவிடலாம், பிள்ளைகளுக்கு அதுவே பிடிக்கும்.

மணிமணியாகத் திரண்டுவிட்டது

இது திரிந்த பால் போலத் தெரியும், ஆனால் அல்ல. பிரிட்ஜிலிருந்து எடுத்த தேங்காய்ப்பாலைச் சூடான அகர் அகரில் ஊற்றினால், குளிர் பட்ட இடத்திலெல்லாம் அது உடனே உறைந்து மணியாகும். விரலால் நசுக்கிப் பாருங்கள். வழுவழுப்பாக, நீர்த்தன்மையோடு உடைந்தால் உறைந்த அகர் அகர். மெல்லிய தீயில் விடாமல் துழாவிக் கரையுங்கள். முதற்பால் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் பொங்கவிடாதீர்கள், ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குங்கள். அப்படியும் கரையாத சில மணிகள் இருந்தால் வடியில் வடித்துவிடுங்கள்.

ஒரே அடுக்கு தானாக இரண்டாகிவிட்டது

நான் இதை முதன்முதலில் பார்த்தபோது யாரோ இரவில் வந்து ஊற்றிவிட்டுப் போனதுபோல இருந்தது. மேலே வெள்ளையாக ஒரு தகடு, கீழே கண்ணாடி போலக் கபில நிறம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு இலேசானது. கலவையைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், அது உறைவதற்கு எடுக்கிற அவ்வளவு நேரத்திலும் கொழுப்பு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சுவையில் குறை இல்லை. சிலர் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள், பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஒரே நிறம் வேண்டுமென்றால் சட்டியிலேயே ஐந்தாறு நிமிடம் துழாவி ஆறவிடுங்கள். சட்டியின் ஓரத்தில் மெல்லிய ஆடை போல ஒட்டத் தொடங்கும் தருணம்தான் ஊற்றும் தருணம். அதைத் தாண்டினால் சட்டியிலேயே உறைந்துவிடும்.

அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அல்லது வெட்டும்போது வழுக்கிப் பிரிகின்றன

இரண்டும் ஒரே தவறின் இரு முகங்கள். ஒன்றில் அவசரம், மற்றதில் தாமதம்.

கலந்துவிட்டதென்றால், கீழேயுள்ள கஸ்டர்ட் ஆறி ஆடை படியுமுன் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது மிக உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறீர்கள். பெரிய கரண்டி ஒன்றின் முதுகைத் தட்டத்தின் மேற்பரப்போடு ஒட்டிப் பிடித்து, அதன்மேல் மெல்ல வார்த்தால் விழும் வேகம் உடைந்து நாலாபக்கமும் பரவும். கஸ்டர்ட் மேல் பிஸ்கட் வரிசை இருப்பதற்கு இன்னொரு பயனும் இதுதான். அது கூரைபோல நின்று காக்கிறது. இடைவெளியில்லாமல் அடுக்குங்கள், மூலைகளுக்குப் பிஸ்கட்டை உடைத்துப் போடுங்கள். கலந்தபின் பிரிக்க வழியில்லை. பளிங்குக் கல் போன்ற அந்தக் கோலத்தோடு அப்படியே பரிமாறுங்கள்.

வழுக்கிப் பிரிவது அகர் அகரின் மேல் இன்னொரு அகர் அகர் அடுக்கு ஊற்றுகிறவர்களுக்கு வரும் தொல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறநிறமாக அடுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். முதல் அடுக்கு முழுதாக இறுகி மேலே ஈரம் கசிந்தபின் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒட்டாது. விரலால் தொட்டால் ஒட்டும், ஆனால் விரல் உள்ளே போகாது. அந்த நிலையில் சூடாக ஊற்ற வேண்டும். பிந்திவிட்டால், மேற்பரப்பில் இருக்கும் நீரைச் சுத்தமான துணியால் ஒற்றி, முள்ளுக்கரண்டியால் மெல்லிய கீறல்கள் போட்டு, அடுத்த அடுக்கைச் சற்றுக் கூடுதல் சூட்டில் ஊற்றுங்கள். கீறல்களுக்குள் இறங்கி உறைவதே பிடிமானம்.

பால் திரிந்துவிட்டது

பனங்கட்டியைப் பசுப்பாலில் போட்டுக் கொதிக்கவைத்தவர்கள் இந்தப் பகுதியைத் தேடி வந்திருப்பீர்கள். பனங்கட்டியிலும் வெல்லச் சர்க்கரையிலும் இயற்கையாகவே சிறிது புளிப்பும் உப்புக்களும் உண்டு. அவற்றோடு பால் கொதித்தால் திரிவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. நான் பனங்கட்டியைத் தேங்காய்ப்பாலோடு மட்டும் சேர்ப்பதற்குக் காரணம் சுவை மட்டுமல்ல. பசுப்பாலில்தான் வேண்டும் என்றால் பனங்கட்டியைத் தண்ணீரில் பாகாக்கி, ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலோடு அடுப்புக்கு வெளியே கலந்துகொள்ளுங்கள்.

திரிந்தது தேங்காய்ப்பால் என்றால் பெரும்பாலும் கொழுப்பும் நீரும் பிரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். அரைக்கும் இயந்திரத்தில் ஒரு சுற்று விட்டால், அல்லது கை மத்தால் நன்றாகக் கடைந்தால் சேர்ந்துவிடும். பசுப்பால் கட்டியாகித் திரிந்தால் அது மீளாது. அதை வடித்து, சீனியும் ஏலக்காயும் போட்டு வற்றவைத்து வேறொரு இனிப்பாக்கலாம். புடிங்குக்குப் புதுப்பால் எடுங்கள்.

கஸ்டர்ட் கட்டிகட்டியாக இருக்கிறது

மாவைச் சூடான பாலில் நேரே போட்டதால். வடித்தால் தீர்ந்தது. அடுத்த முறை ஒரு கோப்பைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றுங்கள்.

இரவு கட்டியாக இருந்த கஸ்டர்ட் காலையில் நீர்த்துப்போயிருக்கிறது

என்னை மிக நீண்ட காலம் அலைக்கழித்த பிழை இது. இரவு அகப்பையில் தடித்து நின்ற கஸ்டர்ட், விடியக் கஞ்சியாகக் கிடக்கும். அளவு சரி, பாலும் சரி. பிறகுதான் மூன்று காரணங்களைப் புரிந்துகொண்டேன்.

ஒன்று, போதிய கொதி இல்லாமை. சோளமா 70 பாகைக்கு முன்பே தடிக்கத் தொடங்கிவிடும். தடித்துவிட்டது என்று இறக்கிவிட்டால் மாமணிகள் பாதிதான் விரிந்திருக்கும். குமிழி வெடிக்கத் தொடங்கிய பின்பும் ஒன்று, ஒன்றரை நிமிடம் துழாவியபடி வைத்திருங்கள்.

இரண்டு, முட்டை. சிலர் செழுமைக்காக மஞ்சட்கருவும் சேர்ப்பதுண்டு. மஞ்சட்கருவில் மாப்பொருளை உடைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. முட்டை போட்ட கஸ்டர்ட்டைக் கொதிக்கவிடாமல் இறக்கினால் அந்த நொதியம் உயிரோடு இருந்து, இரவு முழுவதும் வேலை செய்து, கட்டியை நீராக்கிவிடும். மா கலந்த கஸ்டர்ட்டை முட்டை இருந்தாலும் துணிந்து கொதிக்கவிடலாம். மா முட்டையைத் திரளவிடாமல் காக்கும்.

மூன்று, ருசி பார்த்த கரண்டி. நம் உமிழ்நீரிலும் அதே வகை நொதியம் உண்டு. நக்கிப் பார்த்த கரண்டியை ஆறிய கஸ்டர்ட்டுக்குள் மறுபடி விட்டால் அந்த இடத்திலிருந்து நீர்க்கத் தொடங்கும். எச்சிற் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விடாதே என்று பாட்டி அதட்டியது ஆசாரத்துக்காக மட்டும் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

திருத்தம் எளிது. நீர்த்த கஸ்டர்ட்டை, இன்னும் தட்டத்தில் ஊற்றாமல் இருந்தால், ஒன்றரை மேசைக்கரண்டி கஸ்டர்ட் மாவைச் சிறிது குளிர்ந்த பாலில் கரைத்துச் சேர்த்து நன்றாகக் கொதிக்கவையுங்கள். கொதி அந்த நொதியத்தையும் அழித்துவிடும்.

ஓரத்தில் தண்ணீர் விட்டிருக்கிறது

சிறிதளவு இயல்பு. அகர் அகர் நாட்செல்லச் செல்லச் சுருங்கி நீரை வெளியேற்றும். இனிப்பைக் குறைத்தால் இன்னும் கூடுதலாக வெளியேற்றும். ஒரு கரண்டியால் வழித்துவிட்டுப் பரிமாறலாம். நிறையத் தண்ணீர் நின்றால், மூடியில் படிந்த ஆவி சொட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழுதாக ஆறியபின் மூடுங்கள், மூடிக்கும் புடிங்குக்கும் இடையில் துணி ஒன்று விரியுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. உறைபனி அகர் அகரின் வலையைக் கிழித்துவிடும், பிறகு அது கடற்பஞ்சு போல நீரைக் கக்கும்.

பிஸ்கட் கூழாகிவிட்டது

ஐப்பசி மாரியில் மாரி பிஸ்கட் பைக்கற்றைத் திறந்து அரை மணி நேரம் வைத்தாலே நமத்துவிடும். நமத்த பிஸ்கட் பாலில் பட்டதும் கரையும். தோய்க்கும் நேரம் வரும்வரை பைக்கற்றைத் திறக்காதீர்கள். பால் ஆறியிருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு நொடி, மறுபக்கம் ஒரு நொடி, அவ்வளவே. கஸ்டர்ட்டின் ஈரமே இரவில் மிச்சத்தைச் செய்யும். ஏற்கெனவே நமத்திருந்தால் தோய்க்காமலே அடுக்குங்கள்.

மண் கடிக்கிறது, உப்புக் கரிக்கிறது, புளித்த வாடை வருகிறது

பனங்கட்டி வேனிலில் காய்ச்சப்படுவது. குட்டான் என்கிற சிறு பனையோலைப் பெட்டியில் அடைத்தது மாரிக்கு வரும்போது மாதங்கள் கடந்திருக்கும், காற்றின் ஈரத்தைக் குடித்து இளகியும் இருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நான் குட்டானை அழுத்திப் பார்ப்பேன். இறுக்கமாக, உடைத்தால் உள்ளே மணிமணியாகப் பளபளத்தால் எடுப்பேன். கசிந்து ஓலை நனைந்திருந்தால் வாசம் பிடித்துப் பார்ப்பேன். புளித்த வாடை இருந்தால் எந்த ஏலக்காயும் அதை மறைக்காது. மண் என்பது ஓலைத் துகளும், பதநீர் புளிக்காதிருக்க இடும் சுண்ணாம்பின் எச்சமும்தான். கரைத்ததும் பத்து நிமிடம் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, அடிவண்டலை விட்டுவிடுங்கள். இந்த ஒரு படியை மட்டும் யாரும் தாண்டக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். வழுவழுப்பான மேலடுக்கில் ஒரு மணல் கடித்தால் முழு உழைப்பும் வீண்.

உப்புக் கரித்தால் பனங்கட்டியைக் குறைசொல்வதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். தீவுப் பக்கத்திலும் கரையோரத்திலும் உவர்க் கிணறுகள் உண்டு. தேங்காய்ப்பால் பிழிவதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும்.

பூசணி அடுக்கு நிற்கவில்லை

ரொறன்ரோவிலுள்ள என் மச்சாள் இதே புடிங்கில் ஒரு பூசணி அடுக்கும் சேர்க்கிறாள். அங்கே தீபாவளி வரும்போது இலையுதிர்காலம், கடை நிறையப் பூசணி. இங்கே மருதனார்மடச் சந்தையில் வாங்கி நானும் செய்து பார்த்தேன், மிக நன்றாக இருந்தது. நீரில் அவித்தால் அது நீரைக் குடித்துவிடும். ஆவியில் அவித்து, மசித்து, தாச்சியில் நெய்யோடு அடி தெரியும்வரை வற்றவையுங்கள். 300 கிராம் மசியலுக்கு 200 மில்லிலீற்றர் கட்டியான பாலும் 3 கிராம் அகர் அகரும். பாலுக்குப் பதிலாக ரின்பால் (தகரத்தில் வரும் இனிப்புக் கட்டிப்பால்) சேர்த்தால் சீனி வேண்டாம். நீற்றுப்பூசணி இதற்குச் சரிவராது.

கரண்ட் போய்விட்டது

மழைக் காற்றில் இது நடக்கும். அகர் அகர் உருகாது என்பதால் புடிங் பார்வைக்கு அப்படியே நிற்கும், அதுதான் ஆபத்து. கஸ்டர்ட்டும் பாலில் தோய்ந்த பிஸ்கட்டும் உள்ளே இருக்கின்றன. பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் தாங்கும். வெளியே மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை நான் பிள்ளைகளுக்கோ முதியவர்களுக்கோ கொடுப்பதில்லை. மணத்தை நம்பாதீர்கள், கெட்டது எல்லாம் மணக்காது. அயலுக்குக் கொடுத்தனுப்புவதென்றால் காலையில் கோயிலுக்குப் போகுமுன்பே வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் துண்டு உடைகிறது

கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்து, நேராகக் கீழே அழுத்துங்கள், அறுக்க வேண்டாம். முதலில் ஓரமாக ஒரு மெல்லிய கீற்றை வெட்டி எடுத்தால் அகப்பை உள்ளே போக இடம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கீற்று, இரவு முழுக்கத் தட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்த பிள்ளைக்கு.